இரத்மலானையில் போர்க்கால விமானச் சிதைவுகளைப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் இதற்கு எங்கே போக வேண்டும்?

இரத்மலானைக்கு. இலங்கை விமானப்படையின் நூதனசாலை அங்கே விமான நிலைய வளாகத்தில் இருக்கிறது. 1993இல் பழைய விமானங்களைப் பேணிக் காக்கும் பிரிவாகத் தொடங்கி, 2009 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியாக ஓடும் 100ஆம் இலக்க பாணந்துறை பஸ், 101ஆம் இலக்க மொரட்டுவை பஸ் இரண்டும் இரத்மலானையைத் தொட்டே போகும். கரையோர ரயிலிலும் வரலாம். இறங்கிய பின் ட்ரைபொட்டும் பையுமாக வெயிலில் நடக்காமல் ஓட்டோ பிடிப்பது நல்லது.

அந்த நிலமே சரித்திரம் கொண்டது. 1935 நவம்பர் 27இல் முதல் விமானம் இறங்கியது அங்கேதான். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் அட்மிரல் நகுமோவின் அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுய்காகு ஆகிய ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து புறப்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, பிரித்தானிய விமானப்படையின் 30ஆம் ஸ்குவாட்ரனின் (படைப்பிரிவின்) ஹரிகேன் சண்டை விமானங்கள் இரத்மலானையிலிருந்துதான் எழும்பின. 258ஆம் ஸ்குவாட்ரன் கொழும்பு ரேஸ்கோர்ஸில் போட்ட ஓடுபாதையிலிருந்து பறந்தது. கடற்படையின் ஃபுல்மார் விமானங்களும் அன்று இரத்மலானையில் நின்றன. அந்தக் காலத்துத் துண்டு ஒன்றின் முன் கமெராவோடு நிற்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால், எதை எடுக்க வேண்டும் என்பது பாதி தெளிந்துவிடும்.

படம் எடுக்க அனுமதி தேவையா?

நுழைவாயிலில் ரிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். போன், கமெரா, ட்ரைபொட், வெளிச்சக் கருவி நான்கையும் தனித்தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும். "கமெரா ஓகேயா சேர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய் ட்ரைபொட்டை விரித்தால், அங்கே நிற்பவர் தடுப்பார். அவர் தடுப்பதும் நியாயம்தான், வாசலில் கொடுத்த அனுமதி அவருக்குத் தெரியாது. திறந்திருக்கும் நாள், நேரம், கட்டணம் எல்லாம் மாறக்கூடியவை என்பதால் புறப்படுமுன் போனில் ஒருமுறை உறுதிப்படுத்துங்கள். தேசிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

தடுப்புக் கயிற்றுக்கு உள்ளே போய் எடுக்கவோ, விமானி அறைக்குள் எட்டிப் பார்க்கவோ, காட்சிப் பெட்டியைத் திறக்கவோ விரும்பினால் அது வேறு விடயம். என்ன பொருள், எதற்காக, எந்தக் கருவி, எவ்வளவு நேரம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, நிர்வாகத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். நோக்கம் தெளிவாக இருக்கும் கடிதத்துக்குப் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

எதை எடுக்கக் கூடாது?

நூதனசாலைக்கு அடுத்தாற்போல் இயங்கும் விமான நிலையமும் படைத் தளமும் இருக்கின்றன. ஓடுபாதை, வேலையில் இருக்கும் விமானங்கள், காவல் நிலைகள், கடமையில் நிற்பவர்களின் முகம் எதுவும் உங்கள் பிரேமுக்குள் வரக் கூடாது. வெளியே நிற்கும் விமானத்தை எடுக்கும்போது பின்னணியைக் கவனிக்காமல் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். கமெராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கி மேல்நோக்கிச் சற்றுச் சாய்த்தால் பின்னணியில் வானம் மட்டும் வரும். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அனுமதியின்றி அதைப் பறக்க விடுவது குற்றம்.

என்ன கொண்டு போவது?

முழு விமானத்துக்கு 24 முதல் 35 மி.மீ. வரை ஒரு லென்ஸ், தகடுகளுக்கும் முத்திரைகளுக்கும் 50 முதல் 100 மி.மீ. வரை, கிட்ட வைத்து எடுக்கும் ஒரு மெக்ரோ லென்ஸ். இவை முழு பிரேம் சென்சருக்கான அளவுகள், சிறிய சென்சர் கொண்ட ஏ.பி.எஸ்.சி. கமெராவானால் ஒன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள். சிறிய டோர்ச் ஒன்று, முடிந்தால் இரண்டு. சாம்பல் நிற அட்டை. 10 சென்ரிமீற்றர் அளவுகோல் அச்சிட்ட தடித்த அட்டை. கறுப்புத் துணி ஒரு மீற்றர். பளபளப்பை வெட்டும் பொலரைசர் ஃபில்டர். குறிப்புக் கொப்பி, பென்சில்.

ட்ரைபொட்டின் கால் நுனிகளில் ரப்பர் இருக்க வேண்டும். கூர்முனைக் கால் தரையைக் கீறும், வழுக்கினால் காட்சிப் பொருள் மீதே விழும்.

போன் மட்டும் இருந்தால்?

போதும், மூன்று விடயங்களில் கவனமாக இருந்தால். 0.5 மடங்கு அகலக் கோணத்தை விட்டுவிடுங்கள், அது மூக்கை ஊதிப் பெருக்கி வாலைச் சுருக்கிவிடும். தகடுகளை 2 மடங்கில் வைத்து ஓரடி தள்ளி நின்று எடுங்கள். போனைத் தகட்டின்மேல் கவிழ்த்துப் பிடித்தால் அதன் நிழலே எழுத்தை மூடிவிடும், பல போன்கள் கிட்டப் போனதும் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்குத் தாவவும் செய்யும். மூன்றாவது, திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிய பிறகே எடுங்கள். புரோ மோட் இருந்தால், போன் திருத்தாத மூலக் கோப்பான ரோ கோப்பாகவே எடுங்கள்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

வெளியே நிற்பவற்றுக்குத் திறந்த உடனான முதல் மணித்தியாலம், இல்லாவிட்டால் மூடுமுன் கடைசி மணித்தியாலம். கொழும்பில் நண்பகல் வெயிலில் சிறகின் மேற்பரப்பு வெள்ளையாய் வெடித்து, அடிப்பகுதி கரி இருட்டாகும். ஏப்ரல் முதற்பாதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் அந்த நாட்களில் இது இன்னும் மோசம். மேகம் மூடிய நாளை வீணான நாள் என்று நினைக்காதீர்கள். பளபளக்கும் அலுமினிய உடலுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழைக் காலம், அப்போது குடையும் கமெரா உறையும் கட்டாயம்.

ஹேங்கருக்குள் (விமானக் கொட்டகைக்குள்) நேரம் அவ்வளவு பொருட்டல்ல. திறந்த கதவு வழியாக வெயில் நேரே தரையில் விழும் நேரத்தை மட்டும் தவிர்த்தால் போதும்.

உள்ளே போனதும் லென்ஸ் மங்குகிறது. ஏன்?

ஏ.சி. காரில் வந்திருப்பீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் கொழும்பின் ஈரக்காற்று பட்டதும் நீர் படிகிறது. துடைத்தால் மீண்டும் படியும், துடைக்கத் துடைக்க பூச்சுத்தான் தேயும். காரில் ஏறும்போதே கமெராவைக் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். இறங்கிய பின் 20 முதல் 30 நிமிடம் பையைத் திறக்காதீர்கள், ஈரம் பையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும். அந்த நேரத்தில் கமெரா இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி, எந்த எந்தப் பொருள் என்று கொப்பியில் குறித்துக்கொள்ளலாம்.

வீட்டில் லென்ஸைத் தோல் பையில் பூட்டி வைக்காதீர்கள். ஈரப்பதன் 40 முதல் 50 வீதம் வரை இருக்கும் உலர் பெட்டியில், சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது.

ஹேங்கரில் எடுத்த படத்தில் கிடையாகக் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. கமெரா பழுதா?

பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் குழல் விளக்குகளும் மலிவான எல்.ஈ.டி. விளக்குகளும் வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. 1/250 வினாடி போன்ற வேகமான ஷட்டரில், அதிலும் ஓசையில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டரில், சென்சரின் ஒரு பகுதி பிரகாசமான கணத்தையும் இன்னொரு பகுதி மங்கிய கணத்தையும் பதிகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் நிறுத்தி, மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். பட்டை மறைந்துவிடும். வெளிநாட்டுக் காணொளிகளில் 1/60 என்று சொல்வது 60 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கு.

கதவுப் பக்கம் வெள்ளை, விமானம் கறுப்பு. என்ன செய்வது?

முதலில் இடம் மாறுங்கள். கதவுக்கு முதுகு காட்டி நின்றால் பாதிப் பிரச்சினை தீரும். முடியாவிட்டால் ட்ரைபொட்டில் ஐ.எஸ்.ஓ. (சென்சரின் ஒளி உணர்திறன்) 100, அபேச்சர் (லென்ஸின் துவார அளவு) எஃப் 8இல் வைத்து, 2 வினாடி டைமரோடு சாதாரண வெளிச்சத்தில் ஒன்று, இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டொப் கூட்டி ஒன்று என மூன்று படம் எடுத்துப் பின்னர் இணையுங்கள். மாற்ற வேண்டியது ஷட்டரை மட்டுமே. அபேச்சரை மாற்றினால் ஃபோகஸ் ஆழம் மாறி, இணைத்த படத்தில் விளிம்புகள் இரட்டிக்கும்.

முழு விமானமும் வளைந்து விழுகிறதே?

லென்ஸ் அல்ல, நீங்கள் நிற்கும் தூரம்தான் காரணம். ஹரிகேன் அளவு விமானம் ஒன்றின் சிறகு விரிவு ஏறத்தாழ 12 மீற்றர். முழு பிரேம் கமெராவில் 35 மி.மீ. லென்ஸோடு அதை அடக்க 12 மீற்றராவது பின்னால் நிற்க வேண்டும், 24 மி.மீ. என்றால் 8 மீற்றர் போதும். கிட்ட நிற்க நிற்க மூக்குப் பெருக்கும். ஆகவே இடமிருக்கும் வரை பின்னால் போங்கள். இடமே இல்லையென்றால் முழு விமானத்தை விட்டு, மூக்கு, சிறகின் வேர், வால் என்று பகுதி பகுதியாக எடுங்கள். நெருக்கி நிறுத்தியிருக்கும் ஹேங்கரில் அதுதான் நல்ல படமாகவும் அமையும்.

ஒரு சிதைந்த துண்டை எந்த ஒழுங்கில் எடுக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள். முழுதாக நிற்கும் விமானத்தைப் பல்லாயிரம் பேர் எடுத்திருக்கிறார்கள். நூதனசாலையில் இருக்கும் போலியோல், ஜெட் புரோவோஸ்ட், மிக்-17 போன்றவற்றின் வடிவம் நூல்களிலும் இருக்கிறது. கசங்கிய அலுமினியத் துண்டோ ஒன்றே ஒன்றுதான். அதன் அடையாளம் அதில் பதிந்த ஓர் எண்ணிலோ, ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசையிலோ, கிழிந்த விளிம்பிலோ இருக்கிறது. கடற்காற்று வீசும் ஊரில் அந்த அடையாளம் ஆண்டுக்காண்டு தேய்கிறது. அழகான கோணத்தைப் பிறகு தேடலாம், சாட்சியை முதலில் எடுங்கள்.

முதலில் விளக்கப் பலகை. அது எத்தனை மொழியில் இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே படத்தில். பின்னால் படங்களைப் பிரிக்கும்போது எது எந்தப் பொருள் என்று சொல்லப்போவது அந்தப் படம்தான். அடுத்து, துண்டு இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு தூரப் படம். பிறகு நேர் எதிரே, இரு பக்கம், பின்புறம், மேலிருந்து. ஒவ்வொரு பக்கத்திலும் அளவுகோலோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. அளவுகோல் துண்டின் மேல் இருக்கக் கூடாது, பக்கத்தில், துண்டின் முகப்பு இருக்கும் அதே ஆழத்தில் பிடிக்க வேண்டும். முன்னால் நீட்டிப் பிடித்தால் அளவு பெரிதாகக் காட்டி, பின்னர் கணக்குப் பிழைக்கும்.

அதன் பிறகு பொருத்துமிடங்கள்: போல்ட் துளைகள், முறிந்த முனைகள், ரிவெட் வரிசைகள். இரண்டு ரிவெட்களுக்கு இடைப்பட்ட தூரம் தெரியும் படம் ஒன்று இருந்தால், அந்தத் துண்டு சிறகின் தோலா உடலின் தோலா என்று பழைய வரைபடத்தோடு ஒப்பிடலாம். கடைசியாக எண்கள், முத்திரைகள், மிஞ்சிய நிறப்பூச்சு. ஒரு துண்டுக்கு 15 முதல் 25 படங்கள் வரும். ஒரு நாளில் பத்துத் துண்டுகளை அரைகுறையாக எடுப்பதிலும் மூன்றை இப்படி எடுப்பது பயனுள்ளது.

தகட்டில் ஏதோ எண் இருக்கிறது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது, படத்தில் விழவே மாட்டேன் என்கிறது.

ஃபிளாஷை அணையுங்கள். நேரே அடிக்கும் வெளிச்சம் பள்ளத்தையும் மேட்டையும் ஒரே மாதிரி நிரப்பிவிடும். குத்திப் பதித்த எண்ணை வாசிக்க வைப்பது அதன் நிழல்தான்.

கமெராவைத் தகட்டுக்கு இணையாக ட்ரைபொட்டில் நிறுத்துங்கள். எஃப் 8 அல்லது எஃப் 11, அதற்கு மேல் போனால் படம் மென்மையாகத் தொடங்கும். ஃபோகஸைக் கையால் பிடித்துப் பூட்டி, வெளிச்ச அளவையும் மனுவலில் பூட்டுங்கள். சுற்று வெளிச்சம் அதிகமென்றால் கறுப்புத் துணியால் நிழல் செய்யுங்கள். இப்போது டோர்ச்சைத் தகட்டின் தளத்திலிருந்து 10 முதல் 15 பாகை சாய்வில், 30 முதல் 50 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, மேலிருந்து, கீழிருந்து, இடமிருந்து, வலமிருந்து என்று நான்கு படம் எடுங்கள். கமெரா இம்மியும் அசையக் கூடாது. செங்குத்துக் கோடுகள் பக்க வெளிச்சத்திலும் கிடைக் கோடுகள் மேல் வெளிச்சத்திலும் எழும்பி நிற்கும். ஒரு படத்தில் 3 போலத் தெரிவது அடுத்ததில் 8 ஆகும். 5, 6, எஸ் மூன்றும் இப்படித்தான் ஏமாற்றும். நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் எண்ணை எழுதிவிடாதீர்கள்.

கீழிருந்து வெளிச்சம் விழுந்த படத்தைத் தனியே பார்த்தால் பள்ளமான எழுத்து மேடாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்தே வரும் என்று நம் கண் எண்ணிக்கொள்வதுதான் காரணம். ஆகவே பிறருக்குக் காட்ட மேல் வெளிச்சப் படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வர்ணத்தால் எழுதிய எண்ணுக்கு முறை வேறு. அங்கே நிழல் இல்லை, பளபளப்புத்தான் எதிரி. டோர்ச்சின் முன் பொலரைசிங் தாள் ஒன்றை வைத்து, லென்ஸில் உள்ள பொலரைசரைத் திருப்பிக்கொண்டே பாருங்கள். இரண்டும் 90 பாகைக்கு வரும்போது பளபளப்பு அணைந்து, மங்கிய வர்ணம் வெளியே வரும். இதே முறையைக் குத்திய எண்ணுக்குப் பயன்படுத்தினால், உள்ள நிழலும் தட்டையாகிவிடும்.

சோக்கட்டித் தூள் தடவுவது, தாள் வைத்துப் பென்சிலால் தேய்ப்பது, நனைத்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். தூள் துளைகளுக்குள் இறங்கி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அரிப்பு அங்கிருந்தே தொடங்கும்.

எண்ணை வாசித்துவிட்டேன். அது என்ன சொல்கிறது?

பிரித்தானியப் பொருளில் மூன்று வகை எண்களைப் பிரித்தறிய வேண்டும். விமானத்தின் தொடர் எண், பாகத்தின் வரைபட எண், களஞ்சிய எண். தொடர் எண் 1940 வரை ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும், அதன் பின் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமுமாக வரும். அதுதான் "எந்த விமானம்" என்று சொல்லும். வரைபட எண் அதே வகை விமானங்கள் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும். வரைபட எண்ணைப் பிடித்துக்கொண்டு "இன்னார் ஓட்டிய விமானம்" என்று முடிவு கட்டுவதுதான் நாம் அடிக்கடி காணும் தவறு. களஞ்சிய எண்ணின் முன்பகுதி பொருளின் வகையைக் காட்டும்: 6ஏ விமானக் கருவிகள், 5சி மின்சாரப் பொருட்கள், 14ஏ படக் கருவிகள். கிரீடமும் ஏ.எம். என்ற இரு எழுத்தும் இருந்தால் அது பிரித்தானிய விமான அமைச்சின் முத்திரை.

ஜப்பானியத் தகட்டில் ஆண்டு, ஷோவா (பேரரசர் ஹிரோஹிதோவின் ஆட்சிக்கால) கணக்கில் இருக்கலாம். 1925ஐக் கூட்டுங்கள்: ஷோவா 16 என்றால் 1941. விமான வகையின் பெயரிலும் ஆண்டு ஒளிந்திருக்கிறது. ஜப்பானியப் பேரரசுக் கணக்கில் 2600 என்பது 1940, அதன் கடைசி இலக்கம் பூச்சியம், அதனால்தான் அந்தச் சண்டை விமானம் ஸீரோ. 99ஆம் வகைக் குண்டுவீச்சு விமானம் 2599, அதாவது 1939. கொழும்புக்கு வந்தவை ஸீரோ, 99ஆம் வகை, 97ஆம் வகை ஆகிய மூன்றும்தான். கடற்படைப் பொருளானால் நங்கூர அடையாளத்தைத் தேடுங்கள்.

எஞ்சின் துண்டானால் சிலிண்டர்களை எண்ணுங்கள். ஹரிகேனின் மெர்லின் எஞ்சின் வி வடிவில் 12 சிலிண்டர் கொண்டது, ஸீரோவின் சகாயே எஞ்சின் வட்டமாக இரண்டு வரிசையில் 14. முழு மெர்லினின் பருமனை உணர வேண்டுமென்றால் போலியோலின் மூக்கைப் பாருங்கள், அதற்குள்ளும் மெர்லின்தான்.

துளை குண்டு பட்டதா, அரித்ததா?

இரு புறமும் எடுத்தால்தான் சொல்லலாம். குண்டு நுழைந்த பக்கத்தில் விளிம்பு உள்நோக்கி மடங்கியிருக்கும், வெளியேறிய பக்கத்தில் வெளிநோக்கிப் பிளந்திருக்கும். அரித்த துளையின் விளிம்பு ஒழுங்கற்று, தாள்போல மெலிந்து, சுற்றிலும் வெள்ளைப் பொடியோடு இருக்கும். துளையின் அளவை வைத்து யார் சுட்டது என்று சொல்லப் போகாதீர்கள். ஹரிகேனின் 0.303 அங்குல பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கியும் ஸீரோவின் சிறு துப்பாக்கியும் இரண்டுமே 7.7 மி.மீ. தான். ஸீரோவின் 20 மி.மீ. பீரங்கி விட்ட ஓட்டை மட்டும் பார்த்ததுமே வேறுபடும், ஆனால் நான்கு 20 மி.மீ. பீரங்கி பூட்டிய ஹரிகேன் வகையும் போரில் பறந்தது.

நிறம் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

கூரைத் தகடு வழியே வரும் பகல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலப்பதால். கமெரா தானே நிறத்தைச் சரிசெய்யும் ஓட்டோ வைட் பெலன்ஸை நிறுத்திவிட்டு, துண்டின் அருகே சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்து, அதை வைத்தே நிறச் சமநிலையை அமையுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் புதிதாகச் செய்ய வேண்டும்.

சிதைவுகளில் இது அலங்காரத்துக்கான வேலை அல்ல. ஜப்பானிய விமானங்களின் உட்புறத்தில் ஆவோதாகே என்ற நீலப் பச்சைக் கண்ணாடிபோன்ற அரக்குப் பூச்சு உண்டு, பிரித்தானிய விமான உட்புறத்தில் சாம்பல் கலந்த பச்சை. எண்ணே இல்லாத துண்டை எந்த நாட்டினது என்று சொல்ல மடிப்புக்குள் மிஞ்சிய அந்தப் பூச்சே பல வேளை ஒரே தடயம். மஞ்சள் விளக்கில் இரண்டும் ஒன்றுபோல விழுந்துவிடும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை எடுப்பது எப்படி?

ரப்பர் ஹூட்டைக் கண்ணாடியோடு மெதுவாக ஒட்டிப் பிடியுங்கள், பிரதிபலிப்பு போய்விடும். ஒட்ட முடியாவிட்டால் கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி அதை உங்களுக்கும் பெட்டிக்கும் இடையே பிடியுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், கண்ணாடியில் அதுதான் விழும்.

கண்ணாடி, பெர்ஸ்பெக்ஸ் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக், வர்ணம் ஆகியவற்றின் பளபளப்பைப் பொலரைசர் வெட்டும், நேர்ச் செங்குத்திலிருந்து 56 பாகை அளவில் சாய்ந்து பார்க்கும்போது மிக நன்றாக வெட்டும். நேரே நின்றால் பலன் இல்லை. வெறும் அலுமினியத்தின் பளபளப்பை அது தனியே வெட்டாது. விமானி அறையின் பெர்ஸ்பெக்ஸ் மூடியில் வானவில் பட்டைகள் தோன்றினால் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். அது பிளாஸ்டிக்கின் உள் இறுக்கம் தெரிவது.

முப்பரிமாண மாதிரி செய்ய எத்தனை படம் வேண்டும்?

எஞ்சின் அளவுப் பொருளுக்கு 150 முதல் 200. முழங்கால், நெஞ்சு, தலைக்கு மேல் என்று மூன்று உயரத்தில் சுற்றி வந்து, ஒவ்வொரு படமும் முந்தியதோடு 70 வீதமாவது மேற்படியும்படி எடுக்க வேண்டும். ஸூம், ஃபோகஸ் தூரம், வெளிச்சம், நிறம் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும். உங்கள் நிழல் விழுந்தால் மென்பொருள் அந்த நிழலையும் பொருளின் நிறமாக ஏற்றுக்கொள்ளும். அரித்துச் சொரசொரப்பான துண்டுகள் அருமையாக வரும். மினுக்கிய புரொப்பெல்லர் இதழ் குழிவிழுந்து உருக்குலையும். பின்பக்கம் சுவரோடு சாய்ந்திருக்கும் பொருளை முழு மாதிரியாக்க முயலாதீர்கள்.

தொடலாமா?

கூடாது. கை வியர்வையின் உப்பு அலுமினியத்தை அரிக்கும். பழைய கருவி முகப்புகளில் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சு பூசுவது அந்தக் கால வழக்கம். கண்ணாடி உடைந்த கருவிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டு போகாதீர்கள், உதிர்ந்த பொடியை ஊதாதீர்கள். ஒரு மீற்றர் தள்ளி நின்று மெக்ரோவில் எடுப்பதில் பிரச்சினை இல்லை.

நூதனசாலைக்கு வெளியே, வயலிலோ கட்டடக் குழியிலோ வெடிபொருள் போன்ற ஒன்றைக் கண்டால் படம் எடுக்கக் கிட்டப் போகவே வேண்டாம். விலகி வந்து 119க்கு அறிவியுங்கள்.

மங்கிய எண்ணை ஏ.ஐ. மென்பொருளால் தெளிவாக்கலாமா?

ஒருபோதும் வேண்டாம். அது இல்லாத இலக்கத்தை மிக அழகாக எழுதித் தரும். மங்கலான 3ஐ அது 8 ஆக்கியதை யாரும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் படம் அவ்வளவு தெளிவாக இருக்கும். பிறகு அந்தப் பிழை இணையம் முழுதும் பரவும். வெளிச்சம், கொன்ட்ராஸ்ட் ஆகியவற்றை மாற்றலாம், கறுப்பு வெள்ளையாக்கலாம். வாசிக்க முடியாத இலக்கத்துக்குக் குறிப்பில் கேள்விக்குறி போடுங்கள். சில போன்கள் கேட்காமலே இந்த வேலையைச் செய்வதால்தான் ரோ கோப்பை வலியுறுத்துகிறோம்.

உள்நாட்டுப் போர்க் காலப் பொருட்களையும் எடுக்கலாமா?

அனுமதித்த பகுதியில் எடுக்கலாம். ஆனால் அந்தப் போரில் குடும்பத்தை இழந்தவர்கள் உங்கள் படத்தைப் பார்ப்பார்கள். அவற்றின்மேல் சாய்ந்து செல்ஃபி எடுப்பது, வெற்றி தோல்விக் கோஷத்தோடு பகிர்வது இரண்டையும் செய்யாதீர்கள். 1942இன் துண்டானாலும் இதே மரியாதை வேண்டும், அவற்றில் பலவற்றுக்குள் இளம் விமானி ஒருவரின் உயிர் போயிருக்கிறது. தலைப்பில் பொருள், இடம், திகதி, பலகையில் உள்ள தகவல் இவை போதும்.

படங்களை எப்படிப் பாதுகாப்பது?

அன்றிரவே செய்துவிடுங்கள், அடுத்த வாரம் எந்தத் துண்டு எது என்று மறந்துவிடும். திகதி, இடம், பொருள், பக்கம் என்று கோப்புக்குப் பெயரிடுங்கள். "20260405_இரத்மலானை_உடல்தோல்_பின்புறம்_03" போல இருந்தால் திகதி வரிசையில் தானாக அடுக்கப்படும். மூல ரோ கோப்புகளைத் திருத்தாமல் ஒரு பிரதியும், வேறொரு டிஸ்க்கில் இன்னொரு பிரதியும், வீட்டுக்கு வெளியே மூன்றாவதும் வையுங்கள். கொப்பிக் குறிப்பின் பக்கத்தையும் படமெடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். எண் தெளிவாக விழுந்த படம் கிடைத்தால் அதன் பிரதியை நூதனசாலைக்கும் கொடுங்கள். துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து உங்கள் வாசிப்பைச் சரிபார்க்க அவர்களால்தான் முடியும்.